ஏணியா, சுவரா? தரவாரி ஆங்கிலக் கல்வியும் நம் குடும்பங்களும்

நம் சங்கத்தில் மூத்தவர்கள் கூடினால் கப்பலேறி வந்த கதை வரும். கடை பிடித்த கதை வரும். பள்ளிவாசலுக்கு நிதி திரட்டிய கதை வரும். நம் வீட்டுப் பிள்ளைகள் ஆங்கிலம் கற்ற கதை மட்டும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மலரில் எழுதுமளவுக்கு அது பெரிய செய்தியா என்று சிலர் நினைக்கலாம். ஆனால், கடந்த ஐம்பது ஆண்டுகளில் நம் குடும்பங்களின் போக்கைத் தீர்மானித்தவற்றுள் அதுவும் ஒன்று. “பிள்ளையை எந்த வகுப்பில் போட்டிருக்கிறார்கள்?” என்ற கேள்வி காதில் விழாத அத்தாவோ அம்மாவோ நம்மில் அரிது. அதற்குப் பதில் சொல்லும்போது சிலர் குரல் உயரும். சிலர் குரல் தாழும்.

சங்கம் தொடங்கியது 1970களின் நடுப்பகுதியில். மாணவரின் மொழித்திறனைப் பார்த்து வகுப்புகளைப் பிரிக்கும் முறை சிங்கப்பூரில் வந்தது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. பொன்விழா மலரில் அந்த வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் பதிந்து வைப்பது, இனி வரும் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்யலாம் என்று யோசிக்கவும் உதவும் என்று நம்புகிறேன்.

கணக்குக்குத் தமிழ், கடிதத்துக்கு ஆங்கிலம்

இவ்வட்டாரத்தில் மொழி கற்ற கதையைச் சொல்ல வேண்டுமானால் முன்ஷி அப்துல்லாவிலிருந்து தொடங்க வேண்டும். 1796-இல் மலாக்காவில் பிறந்தவர் அவர். அவருடைய பூட்டனார் யெமனிலிருந்து நாகூருக்கு வந்து, அங்கே ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்தவர். 1849-இல் வெளிவந்த ‘ஹிக்காயத் அப்துல்லா’ என்னும் தன்வரலாற்றில், தம்மைத் தந்தையார் தமிழ் படிக்க அனுப்பியதை அப்துல்லா குறிப்பிடுகிறார். வசதியுள்ள மலாக்கா வீட்டுப் பிள்ளைகள் தமிழ் கற்பது அன்றைய வழக்கம். காரணம் எளியது. ஊரில் இந்திய வணிகர்கள் நிறைந்திருந்தார்கள்; கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் தமிழ் தேவைப்பட்டது. பின்னர் கிறிஸ்தவப் போதகர்களுக்கு மலாய் கற்பித்துக்கொண்டே அவர்களிடமிருந்து ஆங்கிலம் கற்றார். மலாய் நவீன உரைநடையின் முன்னோடி என்று இன்று போற்றப்படும் ஒருவர், தேவைக்கேற்ப ஒவ்வொரு மொழியாகப் படியேறியவர்.

நம் முன்னோரும் அப்படித்தான். கடையநல்லூர், தென்காசி, நாகூர், கீழக்கரை, முத்துப்பேட்டை என்று பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் கடைக்கு வேண்டிய மலாய், சரக்கு வாங்க வேண்டிய ஆங்கிலம் என்று அளந்து கற்றார்கள். ஆங்கிலக் கடிதம் வந்தால் படித்துச் சொல்லத் தெருவுக்கு ஒருவர் இருந்தார். எழுத வேண்டுமென்றால் மனு எழுதுபவரிடம் போனார்கள். பேசத் தெரிந்தவர் பலர், எழுதத் தெரிந்தவர் சிலர் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்று சமுதாயம் முயன்றபோது எழுந்த பெரிய சின்னம் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் அதைத் தொடங்கியது. சீறாப்புராணம் தந்த புலவரின் பெயரைத் தாங்கிய அப்பள்ளி 1960-இல் உயர்நிலைப் பள்ளியாகவும் வளர்ந்தது. தமிழ்வழியில் உயர்நிலைக் கல்வி தந்த ஒரே பள்ளி அது.

ஆனால் காலம் வேறு பக்கம் நகர்ந்தது. 1960-இல் தொடக்கநிலையிலும் 1966-இல் உயர்நிலையிலும் இரண்டாம் மொழி கட்டாயமானது. தொழிற்சாலைகளும் வங்கிகளும் துறைமுக அலுவலகங்களும் ஆங்கிலம் தெரிந்தவரைத் தேடின. பெற்றோர் கணக்குப் போட்டுப் பார்த்து, பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். 1979 வாக்கில் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் ஆங்கிலவழியில் இருந்தார்கள். உமறுப் புலவர் உயர்நிலைப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. அதன் பெயர் 1983-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்தில் வாழ்கிறது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழியானது. ஒரு தலைமுறைக்குள் ஆங்கிலம் கடைக்கு வேண்டிய மொழி என்பதிலிருந்து எல்லாப் பாடங்களுக்கும் வாசல் என்றாகிவிட்டது.

1979: பிரித்துப் பார்த்த ஆண்டு

வாசல் ஒன்றானது, அதை நோக்கி வந்த பிள்ளைகள் ஒரே தரத்தில் இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு இரு மொழிகள் என்ற நிலையில் பெரும்பாலோர் இருந்தார்கள். டாக்டர் கோ கெங் சுவீ தலைமையிலான குழு ஆராய்ந்து 1979-இல் வெளியிட்ட அறிக்கை இதை மறைக்காமல் சொன்னது. 1975 முதல் 1977 வரை தொடக்கநிலை இறுதித் தேர்வும் சாதாரண நிலைத் தேர்வும் எழுதியவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஒரு மொழியிலோ இரு மொழியிலுமோ தவறியிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம் என்பதால் பலர் எதையும் கற்காமல் பள்ளியை விட்டுப் போகிறார்கள் என்பது அக்குழுவின் முடிவு.

அதன் விளைவே தரம் பிரித்தல். தொடக்கநிலை மூன்றின் முடிவில் பிள்ளைகள் மூன்றாகப் பிரிக்கப்பட்டார்கள். சிலர் ஆறு ஆண்டில் இருமொழியும் கற்றார்கள். சிலருக்கு அதே படிப்பு எட்டு ஆண்டுக்கு நீட்டப்பட்டது. இன்னும் சிலர் ஒருமொழிப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து தொழிற்பயிற்சிக்குச் சென்றார்கள். உயர்நிலையில் சிறப்புநிலை, விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் வந்தன. வழக்கநிலை மாணவருக்கான ‘என்’ நிலைத் தேர்வு முதன்முதலாக 1984-இல் நடந்தது. 1992-இல் தொடக்கநிலைப் பிரிவுகள் இஎம்1, இஎம்2, இஎம்3 என்று மாறின. 1994-இல் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவு உயர்நிலைக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டால் நன்மை விளையவில்லை என்று சொல்ல முடியாது. பள்ளியைப் பாதியில் விட்டவர் தொகை பெரிதும் குறைந்தது. மெதுவாகக் கற்ற பிள்ளைக்கு மெதுவான பாடம் கிடைத்தது. இதன் மறுபக்கத்தைப் பின்னர் பார்ப்போம்.

பல்கலைக்கழக வாசலில்

தரம் பார்த்துக் கற்பிப்பது சிறுபிள்ளைகளோடு நிற்கவில்லை. 1978-இல் சீனமொழிவழி இயங்கிய நன்யாங் பல்கலைக்கழக மாணவர்கள் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து புக்கிட் தீமா வளாகத்தில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கத் தொடங்கினார்கள். 1980-இல் இரு பல்கலைக்கழகங்களும் இணைந்து சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. கணிதத்திலும் அறிவியலிலும் திறமையானவர்கள், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதத் திணறியதை ஆசிரியர்கள் கண்டார்கள். மூளைக்குக் குறை இல்லை. மொழிக்கு மட்டும் துணை வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1979-இல் ஆங்கில மொழித்தேர்ச்சிப் பிரிவு ஒன்று பல்கலைக்கழகத்தில் உருவானது. அதுவே வளர்ந்து பின்னாளில் ஆங்கில மொழித் தொடர்பு நிலையமாயிற்று.

அங்கே பல்லாண்டுகளாகப் பின்பற்றிய முறை நாம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத் தகுதியைப் போதிய அளவு காட்டாத புதிய மாணவர்கள் ஒரு தகுதித் தேர்வு எழுதுவார்கள். அதன் முடிவைப் பார்த்துச் சிலரை அடிப்படை ஆங்கில வகுப்பிலும் சிலரைக் கல்விசார் எழுத்து வகுப்பிலும் அமர்த்துவார்கள். மற்றவர்களுக்கு விலக்கு உண்டு. அடிப்படை வகுப்பை முடித்தவர் அடுத்த வகுப்புக்கு ஏறுவார். இதற்கிடையே பொறியியலோ வணிகமோ, அவருடைய பட்டப்படிப்பு நிற்காமல் நடக்கும். ஆங்கிலம் சரியாகும்வரை வெளியே நில் என்று யாரையும் நிறுத்துவதில்லை.

இரவில் கற்றவர்கள்

பல்கலைக்கழகம் எட்டாத உயரத்தில் இருந்தவர்களுக்கும் ஒரு பாதை இருந்தது. 1960-இல் அமைந்த வயதுவந்தோர் கல்விக் கழகம் மாலை நேரங்களில் மொழி வகுப்புகளை நடத்தியது. அது 1979-இல் தொழிற்பயிற்சிக் கழகத்தோடு இணைந்தது. 1983-இல் தொடக்கநிலைக் கல்வியை முடிக்காத தொழிலாளர்களுக்காக ‘பெஸ்ட்’ என்னும் திட்டம் வந்தது. அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் படிப்படியாகச் சொல்லித்தரும் திட்டம் அது. 1987-இல் அதற்கு மேற்படியாக ‘வைஸ்’ வந்தது. ‘என்’ நிலை அளவுக்கு ஆங்கிலமும் கணிதமும் கற்க வழி செய்தது. 1992-இல் தொழில்நுட்பக் கல்விக் கழகம் உருவானபோது இப்பணிகளும் அதனிடம் வந்தன.

பகலில் வேலை பார்த்துவிட்டு இரவில் நாற்பது வயதில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் அன்றைய சிங்கப்பூரில் பல்லாயிரம் பேர். இயந்திரத்தின் மேல் ஒட்டியிருந்த எச்சரிக்கையைத் தாமே வாசிக்கவும், மேற்பார்வையாளருக்கு ஒரு குறிப்பு எழுதவும் அவர்களால் முடிந்தது. சம்பளமும் பொறுப்பும் அதோடு ஏறின. கற்பதற்கு வயதும் வெட்கமும் தடையில்லை என்பதற்கு அவர்களைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பலதுறைத் தொழிற்கல்லூரியின் கணக்கு

நம் குடும்பங்களில் மிகப் பலர் போன வழி பலதுறைத் தொழிற்கல்லூரி. 1954-இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி முதல் 2002-இல் வந்த ரிபப்ளிக் வரை இன்று ஐந்து கல்லூரிகள் உள்ளன. இங்கே சேர்வதற்கான கூட்டுப்புள்ளியில் ஆங்கிலத்துக்கு ஒரு நிலையான இடம் உண்டு. மற்றப் பாடங்களைப் பொறுக்கி எடுக்கலாம், ஆங்கிலத்தை விலக்க முடியாது. ஆனால் கேட்கும் தரம் படிப்புக்குப் படிப்பு மாறும். ஊடகம், தொடர்புத் துறைப் படிப்புகள் நல்ல தரம் கேட்கும். பொறியியல் படிப்புகள் பலவற்றில் 7-ஆம் தரம் வரை ஏற்றுக்கொள்வது வழக்கம். சாதாரண நிலைத் தேர்வில் தேர்ச்சி என்பது 6-ஆம் தரத்தோடு முடிகிறது. அதாவது, தேர்ச்சிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றவருக்கும் கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தபின் ஆங்கிலத்தைக் கற்றுக்கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

உள்ளே கற்றுத்தருவது இலக்கியம் கிடையாது. அறிக்கை எழுதுவது, கூட்டக் குறிப்பு எடுப்பது, புகார்க் கடிதத்துக்குப் பதில் எழுதுவது, முன்னே நின்று விளக்கம் தருவது போன்றவை. நான் பட்டயம் பெற்று இப்போது வணிகம் செய்கிறேன். படித்த பொறியியல் கோட்பாடுகளில் பாதி மறந்துவிட்டது. சரக்கு தாமதமானால் வாடிக்கையாளருக்கு என்ன எழுத வேண்டும், விலைப்புள்ளியில் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் நாள்தோறும் பயன்படுகிறது. என் அனுபவத்தில், ஒரு வாரம் கழித்து வரும் அழகான கடிதத்தைவிட அன்றைக்கே போகும் தெளிவான நான்கு வரி அதிகம் விற்கும்.

இப்போது கதவுகள் இன்னும் கூடியுள்ளன. வழக்கநிலை ஏட்டுக்கல்விப் பிரிவில் சிறப்பாகச் செய்தவர்களுக்கு 2013-இல் அடித்தள ஆண்டுத் திட்டம் வந்தது. ‘ஓ’ நிலைத் தேர்வு எழுதாமலேயே, கல்லூரியில் ஓராண்டு ஆயத்தப் படிப்பில் ஆங்கிலத்தையும் மற்றவற்றையும் கற்றுப் பட்டயத்துக்குப் போகலாம். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஹையர் நைட்டெக் முடித்து, அந்த மதிப்பெண்ணைக் கொண்டும் சேரலாம்.

பெயர் ஒட்டிக்கொண்ட கதை

இனி மறுபக்கம். தரம் பிரித்த நோக்கம் நல்லது. ஆனால் பிரிவுக்கு வைத்த பெயர் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ‘இஎம்3 பிள்ளை’ என்றார்கள். ஆங்கிலத்தில் பின்தங்கியவர் கணக்கில் கெட்டிக்காரராக இருந்தாலும், எல்லாப் பாடங்களுக்கும் ஒரே பிரிவில் உட்கார வேண்டியிருந்தது. உறவினர் வீட்டு விருந்துகளில் பெற்றோர் வாய்திறக்கவில்லை. பத்து வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தானே ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஏணியாக வைத்தது பல வீடுகளில் சுவராயிற்று.

நாடு இதை உணர்ந்து மாற்றிக்கொண்டது. 2004-இல் இஎம்1, இஎம்2 இரண்டும் இணைந்தன. 2008-இல் இஎம்3 நீங்கி, பாட அடிப்படையிலான வகைப்பாடு வந்தது. இதன்படி ஒரு பிள்ளை ஆங்கிலத்தை அடிப்படை நிலையிலும் கணிதத்தை வழக்கமான நிலையிலும் கற்கலாம். பள்ளி பரிந்துரைக்கும், பெற்றோர் முடிவெடுப்பார்கள். 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளும் இல்லை. ஜி1, ஜி2, ஜி3 என்று பாடத்துக்குத்தான் நிலை உண்டு. வெவ்வேறு நிலையில் ஆங்கிலம் படிப்பவர்கள் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்து, ஆங்கில நேரத்தில் மட்டும் பிரிந்து செல்கிறார்கள். தொடக்கநிலை இறுதித் தேர்வில் வழக்கமான நிலைப் பாடமொன்றில் ‘ஏஎல் 5’ அல்லது அதைவிட நன்றாகச் செய்த பிள்ளை, எந்தச் சேர்ப்புக் குழுவில் இருந்தாலும் அப்பாடத்தை ஜி3 நிலையில் எடுக்கலாம். இது நம் பெற்றோர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய செய்தி.

கடல் கடந்த இரண்டு பாடங்கள்

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. 1970-இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், உயர்நிலைப் பள்ளி முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்தது. அதுவரை கல்லூரி வாசலை மிதித்திராத குடும்பங்களின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் எழுதிய கட்டுரைகளைக் கண்டு பல பேராசிரியர்கள் கைவிரித்தார்கள். மீனா ஷாக்னசி என்ற ஆசிரியை கைவிரிக்கவில்லை. வகுப்பில் அமர்த்துவதற்காக மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை ஆராய்ந்து 1977-இல் ஒரு நூல் எழுதினார். பிழைகள் சோம்பலாலோ மந்தத்தாலோ வருவதில்லை, ஒவ்வொரு பிழைக்கும் பின்னால் ஒரு காரணமும் ஒழுங்கும் இருக்கின்றன, ஆசிரியர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் நிறுவிய உண்மை. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதும் நம் பிள்ளையின் பிழைக்கும் இது பொருந்தும்.

இரண்டாவது பாடம் பால்டிமோர் பகுதியின் சமூகக் கல்லூரியிலிருந்து. அமெரிக்கக் கல்லூரிகளில் எழுத்துத்திறன் குறைந்தவர்களை அடிப்படை வகுப்பு, அதற்கு மேல் இன்னொன்று என்று வரிசையாக ஏறச் சொல்வது வழக்கம். ஒவ்வொரு படியிலும் சிலர் உதிர்ந்துபோனார்கள். தவறியதால் உதிர்ந்தவர்கள் சிலர். தேறியும் அடுத்த பருவத்தில் பதிவு செய்யாமல் போனவர்கள் பலர். 2007-இல் அக்கல்லூரி வேறொரு வழியில் இறங்கியது. பின்தங்கியவர்களை நேரே கல்லூரி ஆங்கில வகுப்பில் உட்கார வைத்தார்கள். வகுப்பு முடிந்ததும் அதே ஆசிரியர் அந்தச் சிறு குழுவை மட்டும் வைத்துக்கொண்டு கூடுதலாகச் சொல்லிக்கொடுத்தார். முன்பைவிடப் பலர் தேறினார்கள். மற்றக் கல்லூரிகளும் பின்பற்றின. ஏணியில் படிகள் கூடக்கூட ஏறி முடிப்பவர் குறைவர் என்பதே அதன் கருத்து.

ஓதிய வகுப்பே நமக்கு வழிகாட்டி

இதையெல்லாம் படித்தபோது நமக்குப் பழக்கமான ஓர் இடம் நினைவுக்கு வந்தது: நம் குர்ஆன் மதரசா. அங்கே ஒரே பாயில் ஒருவர் அலிஃப், பா எழுத்துக்கூட்டுவார். பக்கத்தில் இருப்பவர் அம்ம ஜுஸ்உ ஓதுவார். அதற்கடுத்தவர் முழுக் குர்ஆனையும் முடிக்கும் நிலையில் இருப்பார். உஸ்தாது ஒவ்வொருவரையும் அழைத்து அவரவர் பாடத்தைக் கேட்பார். பன்னிரண்டு வயதில் அலிஃப், பா தொடங்கியவருக்கு யாரும் பட்டப்பெயர் வைத்ததில்லை. எட்டு வயதுப் பிள்ளை பெரியவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. எல்லாரும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. யார் எப்போது சேர்வார் என்பதுதான் வேறு. தரவாரிக் கல்வியின் நல்ல பகுதி முழுவதும் அந்தப் பாயில் இருக்கிறது.

சமுதாயத்துக்குத் துணை நிற்கும் அமைப்புகள் உண்டு. 1980களின் தொடக்கத்திலிருந்து மெண்டாக்கியும் 1991 முதல் சிண்டாவும் துணைப்பாட வகுப்புகள் நடத்துகின்றன. அவற்றுக்குப் போட்டியாக நாம் எதையும் தொடங்க வேண்டியதில்லை. ஆனால் அவை தொடாத சில இடங்களைச் சங்கம் தொடலாம் என்று மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, நம் வார இறுதி வகுப்புகளில் பிள்ளைகளை வயதைக் கொண்டு மட்டும் அமர்த்தாமல், ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பார்த்து அமர்த்துவோம். பேச்சில் சரளமாக இருக்கும் பல பிள்ளைகள் எழுத்தில் தடுமாறுவது பேச்சை மட்டும் கேட்டால் தெரியாது. தொடக்கநிலை ஒன்றில் ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளிகள் 8 முதல் 10 பேர் கொண்ட சிறு குழுக்களாகக் கற்பிப்பதுபோல, சிறு குழுவாக வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் எழுதச் சொல்லி, ஏற வேண்டியவரை ஏற்றுவோம்.

இரண்டாவது, ஊரிலிருந்து மணமாகி வந்த நம் சகோதரிகளுக்கு ஒரு வகுப்பு. பள்ளி அனுப்பும் கடிதத்தைப் படித்து, ஆசிரியருக்குப் பதில் எழுதும் அளவுக்கு ஆங்கிலம் இருந்தால் போதும். அந்த அளவு வந்துவிட்டால் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு துணை கிடைத்துவிடும். அவர்களில் பட்டம் பெற்றவரும் உண்டு, பள்ளியைப் பாதியில் விட்டவரும் உண்டு; எல்லாரையும் ஒரே பாடத்தில் உட்கார வைப்பது சரிவராது.

மூன்றாவது, பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் படிக்கும் நம் இளையர்கள் மாதத்தில் ஒரு நாள் தங்களுக்குப் பின்வரும் தம்பி தங்கைகளின் கட்டுரையைப் படித்துச் சொல்லட்டும். பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடுவதைவிட, “இங்கே என்ன சொல்ல நினைத்தாய்?” என்று கேட்டால் போதும். நேற்றுத்தான் அந்தப் படியைக் கடந்தவருக்கு அது எங்கே வழுக்கும் என்று தெரியும்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. நேரம் ஒதுக்கும் இருபது பேர் தேவை. பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடிப்படை நிலை, ஜி1, கூடுதல் வகுப்பு என்று பள்ளி ஏதேனும் பரிந்துரைத்தால் உடனே முகம் சுளிக்கவும் வேண்டாம், உடனே ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ஆசிரியரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இங்கிருந்து மேலே போக வழி என்ன? அதை எப்போது மீண்டும் பார்ப்பீர்கள்? தெளிவான பதில் வந்தால் அது ஏணி. தைரியமாகப் பிள்ளையை ஏற்றிவிடுங்கள். பதில் வரவில்லையென்றால், கிடைக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். சங்கத்தின் நூற்றாண்டு மலரை எழுதப்போகும் பிள்ளை இன்று ஏதோ ஒரு தொடக்கப்பள்ளி வகுப்பில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் அவர் தயக்கமின்றி எழுத அல்லாஹ் துணைபுரிவானாக.